படத்தில் பிள்ளை, வாசகத்தில் போர்: வாசகர் கேள்வி பதில்

போர்க்காலப் பிரசாரத்தில் அகதிப் பிள்ளைகளின் படங்கள் எப்படிப் பயன்படுகின்றன என்று சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமா ஒரு படம் அனுப்பினார். கிழிந்த சட்டையோடு ஒரு குழந்தை தனியாக நிற்கிறது. கீழே 'வன்னி, 2009' என்று இருந்தது. அதே படம் இன்னொரு குழுவில் 'காசா' என்று வந்தது. கைப்பேசியை வைத்து நானே சரிபார்க்க முடியுமா?
– வாசகி, ஈசூன்

பதில்: முடியும். பெரும்பாலான படங்களுக்குக் கால் மணி நேரம் போதும். இத்தகைய படங்கள் பலவும் உண்மையாக எடுக்கப்பட்டவைதான். பொய் கீழே உள்ள வாசகத்தில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே 'இது போலியா?' என்று கேட்பதைவிட, 'இது முதன்முதலில் எங்கே, எப்போது, என்ன வாசகத்தோடு வெளிவந்தது?' என்று தேடுங்கள்.

படத்தைக் கைப்பேசியில் சேமித்துக்கொள்ளுங்கள். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், அதில் மேலும் கீழும் வரும் பட்டைகள் தேடலைக் குழப்பும். சேமித்ததைக் கூகல் லென்ஸில் போட்டுப் பாருங்கள். அடுத்து டின்ஐ (TinEye) என்ற படத்தேடல் தளத்தில் ஏற்றி, முடிவுகளைப் பழையது முதலில் வரும்படி வரிசைப்படுத்துங்கள். அங்கே தெரியும் தேதி, அந்தத் தளம் படத்தை முதலில் கண்ட தேதியே தவிர, படம் எடுத்த தேதி அன்று. '2023ல் எடுத்தது' எனப்படும் படம் 2014லேயே அங்கே இருந்தால் வாசகம் பொய் என்று உறுதி. பழைய பதிவு எதுவும் அகப்படவில்லை என்பதற்காக, படம் புதியது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

ஒன்றும் கிடைக்காவிட்டால் படத்தை இடவலமாகத் திருப்பி மறுபடி தேடுங்கள். பழைய படத்தை மறைக்க நினைப்பவர்கள் செய்யும் முதல் வேலை அதுதான். பிறகு குழந்தையை வெட்டிவிட்டு, பின்னால் உள்ள சுவர், கூடாரம், வண்டி ஆகியவற்றை மட்டும் வைத்துத் தேடுங்கள். முகத்தில் தடுமாறும் தேடல் பல நேரம் பின்னணியைக் கண்டுபிடித்துவிடும்.

படத்துக்குள் பதிந்திருக்கும் தேதி, இட விவரங்களைப் பார்க்கச் சொல்பவர்களும் உண்டு. வாட்ஸ்அப்பில் படமாக வந்தவற்றில் அது இருக்காது, அனுப்பும்போதே கழன்றுவிடும். கோப்பாக, அதாவது 'டாக்குமெண்ட்' ஆக, அனுப்பியிருந்தால் மட்டுமே தங்கும்.

இனிக் கண்ணால் பார்க்க வேண்டியவை. சாலையில் வண்டிகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன? இலங்கையில் இடப்பக்கம், காசாவிலும் சிரியாவிலும் வலப்பக்கம். பெயர்ப்பலகையில் எந்த எழுத்து? தூரத்தில் நிற்பது பனையா, பேரீச்சையா? வன்னி மண்ணைத் தெரிந்த பெரியவர் ஒருவர் வீட்டில் இருந்தால் அவரிடம் காட்டுங்கள். எந்தக் கருவியும் சொல்லாததை அவர் சொல்லக்கூடும்.

தவறான வாசகம் எத்தனை பெரிய இடத்திலும் நுழைந்துவிடும். 2012 மே மாதம் சிரியாவின் ஹூலாவில் நடந்த படுகொலைச் செய்தியோடு, வெள்ளைத் துணியில் சுற்றி வரிசையாகக் கிடத்திய உடல்களைச் சிறுவன் ஒருவன் தாண்டும் படத்தை பிபிசி இணையத்தளம் வெளியிட்டது. அது 2003ல் ஈராக்கில் மார்கோ டி லாரோ எடுத்த படம். பிபிசி படத்தை நீக்கியது. ஹூலாவில் 108 பேர், அவர்களில் 49 பிள்ளைகள், கொல்லப்பட்டது ஐநா உறுதிசெய்த உண்மை. ஆனால் அந்த ஒரு தவறான படம், 'எல்லாமே கட்டுக்கதை' என்று சொல்லக் காத்திருந்தவர்களுக்கு வசதியாகப் போயிற்று. நல்ல நோக்கத்தோடு அனுப்பும் தவறான படம், யாருக்காக அனுப்புகிறோமோ அவர்களையே காயப்படுத்துகிறது என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

குழந்தை தனியாக நிற்பதாகச் சொன்னீர்கள். படத்தின் ஓரங்களையும் சந்தேகியுங்கள். 2014 பிப்ரவரியில் யோர்தான் எல்லையில் மர்வான் என்ற 4 வயதுச் சிறுவன் பையோடு நிற்கும் படம், பாலைவனத்தைத் தனியாகக் கடந்த பிள்ளை என்று உலகைச் சுற்றியது. குடும்பத்தினர் சுமார் 20 எட்டு தூரத்தில் முன்னால் நடந்துகொண்டிருந்தார்கள் என்று ஐநா அகதிகள் ஆணையத்தின் அதிகாரியே பிறகு விளக்கினார். அகலமான படத்தில் அவர்களும் தெரிகிறார்கள். யாரும் பொய்ப்படம் எடுக்கவில்லை. சட்டகம் குறுகியதுதான் நடந்தது.

மாமாவுக்குக் குழுவில் எல்லார் முன்னிலையிலும் பதில் சொல்ல வேண்டாம். மூலப் படத்தின் இணைப்பைத் தனியாக அனுப்பி, அவரையே நீக்கச் சொல்லுங்கள். பெரியவர்கள் அப்படிச் சொன்னால்தான் கேட்பார்கள்.

கேள்வி: உயர்நிலை மூன்றாம் வகுப்புக்கு வரலாறு நடத்துகிறேன். பிரசாரத்தில் பிள்ளைகளின் படங்கள் பற்றி ஒரு பாடம் எடுக்க விரும்புகிறேன். கோரமில்லாத, ஆனால் ஆழமான எடுத்துக்காட்டுகள் வேண்டும்.
– ஆசிரியர், உட்லண்ட்ஸ்

பதில்: 1937ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஓராண்டிலேயே வேண்டியது எல்லாம் இருக்கிறது.

முதலாவது ஸ்பெயின் உள்நாட்டுப் போர். குடியரசுத் தரப்பின் பிரசார அமைச்சு வெளியிட்ட மட்ரிட் சுவரொட்டியில், இறந்த குழந்தை ஒன்றின் முகமும் அதன் பின்னால் வானை நிறைக்கும் விமானங்களும் இருக்கும். குழந்தையின் மேல் 4-21-35 என்ற எண் அட்டை. 'இதைச் சகித்துக்கொண்டால் அடுத்தது உங்கள் பிள்ளைகள்' என்பது ஆங்கிலப் பதிப்பின் வாசகம். இதை வகுப்பில் காட்ட வேண்டாம். எப்படிக் கட்டப்பட்டது என்று வாயால் சொன்னால் போதும். குழந்தையும் விமானங்களும் ஒரே படத்தில் எடுக்கப்பட்டவை அல்ல. இரண்டு படங்களை வெட்டி ஒட்டி, கொலையையும் கொலையாளியையும் ஒரே பார்வையில் நிறுத்தியிருக்கிறார்கள். வாசகமோ இறந்த பிள்ளையைப் பற்றிப் பேசவே இல்லை. பார்ப்பவரின் வீட்டுப் பிள்ளையைப் பற்றிப் பேசுகிறது.

வகுப்பில் காட்ட ஏற்றவை, அதே போரில் வட ஸ்பெயினின் பாஸ்க் பகுதியிலிருந்து வந்த அகதிப் பிள்ளைகளின் படங்கள். 1937 மே 23 அன்று ஹபானா என்ற கப்பல் ஏறக்குறைய 4,000 பிள்ளைகளோடு இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் துறைமுகத்துக்கு வந்தது. அது சுமார் 800 பயணிகளுக்கான கப்பல். ஒவ்வொரு பிள்ளையின் சட்டையிலும் அறுகோண அட்டையில் ஓர் எண். பிரிட்டிஷ் அரசு பொதுப்பணம் தர மறுத்ததால், பிள்ளை ஒன்றுக்கு வாரம் 10 ஷில்லிங் என்று தனியாரிடம் திரட்ட வேண்டியிருந்தது. அதனால் படங்களுக்கு இரட்டை வேலை: பணம் திரட்டவும் வேண்டும், அரசியல் வாதம் செய்யவும் வேண்டும். பணம் கேட்கும் படத்தில் பிள்ளைகள் பசியோடும் சாதுவாகவும் இருப்பார்கள். இடதுசாரி மேடைக்கான படத்தில் முஷ்டியை உயர்த்தி வணக்கம் சொல்வார்கள். குடியரசை எதிர்த்துப் போரிட்ட தளபதி பிராங்கோவின் ஆதரவாளர்கள் அதே பிள்ளைகளை அடங்காதவர்கள், திருப்பி அனுப்பப்பட வேண்டியவர்கள் என்று எழுதினார்கள். மூன்று தரப்புக்கும் ஒரே பிள்ளைகள்தான்.

இரண்டாவது ஷாங்காய். 1937 ஆகஸ்ட் 28 அன்று ஜப்பானிய விமானங்கள் ஷாங்காய் தெற்கு ரயில் நிலையத்தின்மீது குண்டு வீசின. ஊரைவிட்டு வெளியேறக் காத்திருந்த மக்கள் அங்கே நிறைந்திருந்தார்கள். இடிபாடுகளுக்கு நடுவே உட்கார்ந்து அழும் கைக்குழந்தையை எச். எஸ். வாங் என்ற செய்திப்பட ஒளிப்பதிவாளர் எடுத்தார். ஏறத்தாழ 13 கோடியே 60 லட்சம் பேர் அதைப் பார்த்திருப்பார்கள் என்று லைஃப் இதழ் அக்டோபரில் கணக்கிட்டது. இது சிங்கப்பூரோடு நேரடியாகத் தொடர்புடைய வரலாறு. அந்த ஆகஸ்டில்தான் டான் கா கீ தலைமையில் சீன அகதிகளுக்கான நிவாரண நிதி இங்கே தொடங்கியது.

தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் 1937 ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை என்று தேதி வரம்பு கொடுத்து, உள்ளடக்க வகையில் 'இல்லஸ்ட்ரேஷன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அன்றைய சிங்கப்பூர்ப் பத்திரிகைகள் எந்தப் படத்தை எந்த வாசகத்தோடு போட்டன என்பதை மாணவர்களே எடுத்துப் பார்க்கலாம்.

பாட முறை ஒன்று சொல்கிறோம். வாசகத்தை மறைத்துப் படத்தை மட்டும் கொடுங்கள். முதல் 5 நிமிடம் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதச் சொல்லுங்கள். 'சோகமான' போன்ற சொல் வந்தால் அடித்துவிடுங்கள். அடுத்த 10 நிமிடத்தில் ஒரே படத்துக்கு மூன்று வாசகம்: நிதி திரட்டுபவர், எதிரித் தரப்பு, அந்தப் பிள்ளையின் தாய். பிறகே உண்மையான வாசகத்தைக் காட்டுங்கள். வழக்கமாக இந்தப் பாடம் கெட்டுப்போவது ஓரிடத்தில்தான்: மாணவர்கள் 'எல்லாப் படமும் பொய்' என்ற முடிவோடு எழுந்து போய்விடுவார்கள். அதற்கு அடுத்த பதிலைப் பாருங்கள்.

கேள்வி: ஒரு படம் பிரசாரத்துக்குப் பயன்பட்டது என்றாலே அது செட்டப் என்று எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகர், தோ பாயோ

பதில்: கூடாது. 'செட்டப்' என்ற குற்றச்சாட்டே பிரசாரத்தில் ஒரு பழைய ஆயுதம். ஷாங்காய் குழந்தையின் படத்தையும் ஜப்பானியத் தரப்பு ஜோடனை என்றது. அதே நேரத்தில் எடுத்த மற்றச் சட்டகங்களில் ஓர் ஆள் குழந்தைக்கு அருகில் இருப்பது அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது. தண்டவாளத்திலிருந்து குழந்தையைத் தூக்கி நடைமேடைக்குக் கொண்டுவந்த ஆள் படத்தில் இருப்பதில் வியப்பில்லை. குண்டுவீச்சு நடந்ததும் மக்கள் இறந்ததும் மறுக்க முடியாதவை.

நேர்மாறான எடுத்துக்காட்டும் உண்டு. போலந்தில் யூதர்களை நாஜிகள் அடைத்துவைத்த வார்சா கெட்டோவில் கைகளை உயர்த்தி நிற்கும் சிறுவனின் படத்தை எடுத்தது ஜெர்மானியத் தரப்பு. 1943ல் அங்கே நடந்த யூதர்களின் எழுச்சியை அடக்கிய நாஜி அதிகாரி யூர்கன் ஸ்ட்ரூப், தம் வெற்றி அறிக்கையில் 'பதுங்குகுழிகளிலிருந்து பலவந்தமாக வெளியே இழுக்கப்பட்டவர்கள்' என்ற வாசகத்தோடு அதைச் சேர்த்தார். பெருமைக்காக எடுத்த அந்தப் படம் நியூரம்பெர்க் போர்க்குற்ற விசாரணையில் அவர்களுக்கு எதிரான சான்றானது.

ஆகவே இரண்டையும் தனித்தனியே கேளுங்கள். நிகழ்வு நடந்ததா? படம் எந்த வேலைக்கு அனுப்பப்பட்டது? முதல் கேள்விக்கு 'ஆம்' என்றும் இரண்டாவதற்குப் 'பிரசாரத்துக்கு' என்றும் ஒரே படத்துக்கு விடை வரலாம். பல நேரம் அப்படித்தான் வரும்.

ஒரு படம் முற்றிலும் எதிரான வேலைக்கும் போகும். 2015 செப்டம்பரில் துருக்கிக் கடற்கரையில் இறந்து ஒதுங்கிய சிரியக் குழந்தை ஆலன் குர்தியின் படம் ஐரோப்பாவில் அகதிகளுக்குக் கதவு திறக்கச் சொன்னது. ஐஎஸ் அமைப்போ தன் டாபிக் இதழில் அதே படத்தைப் போட்டு, எங்கள் நிலத்தைவிட்டுப் போனால் இதுதான் கதி என்ற பொருளில் மிரட்டியது.

கேள்வி: 2009ல் வன்னியிலிருந்து வந்த படங்களில் எதை நம்புவது? இராணுவம் தந்த படங்களில் சிப்பாய்கள் பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுக்கிறார்கள். மற்றப் படங்களில் பிள்ளைகள் சிதறிக் கிடக்கிறார்கள்.
– வாசகர், சிராங்கூன்

பதில்: கனமான கேள்வி. இதைப் படிப்பவர்களில் அந்தப் படங்களில் சொந்தங்களைத் தேடியவர்கள் இருக்கிறார்கள் என்ற நினைவோடு எழுதுகிறோம்.

போர்க்களத்துக்குள் சுதந்திரமான செய்தியாளர்கள் அனுமதிக்கப்படவில்லை. அதனால் வெளியே வந்த படங்கள் பெரும்பாலும் இரண்டு வழியில் வந்தவை: அரசும் இராணுவமும் கொடுத்தவை, உள்ளே சிக்கியிருந்தவர்களும் புலிகள் தரப்பும் அனுப்பியவை. ஒரு தரப்பு கொடுத்த படத்தைச் செய்தி நிறுவனங்கள் 'ஹேண்டவுட்' என்று குறிப்பிட்டே வெளியிடும். நிறுவனத்தின் சொந்தப் படக்காரர் அங்கே இல்லை என்பதே அதன் பொருள். படத்தை மறுபதிப்புச் செய்பவர்கள் முதலில் உதறிவிடுவது இந்தச் சொல்லைத்தான். பழைய படம் ஒன்று கையில் கிடைத்தால், மூல நிறுவனத்தின் தளத்தில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

தண்ணீர் கொடுக்கும் படம் நடந்ததைக் காட்டலாம். நடந்தது அது மட்டும் என்று அது சொல்லவே முடியாது. அரசு அந்தப் போரை 'மனிதாபிமான நடவடிக்கை' என்று அழைத்தது. அந்தப் பெயருக்கு ஏற்ற படங்கள் தேவைப்பட்டன. 2011ல் ஐநா நிபுணர் குழு தந்த அறிக்கை, பாதுகாப்பு வலயங்கள் மீது அரசுப் படைகள் பெருமளவில் குண்டு வீசியதாகவும், புலிகள் மக்களை வெளியேறவிடாமல் தடுத்துப் பிள்ளைகளைக் கட்டாயமாகச் சேர்த்ததாகவும் நம்பத்தக்க குற்றச்சாட்டுகள் இருப்பதாகக் கூறியது. இந்த இரண்டையும் சேர்த்துக் காட்டும் படம் எந்தத் தரப்பிடமிருந்தும் வரப்போவதில்லை. ஆகவே, எந்தத் தரப்புப் படமானாலும், யார் கொடுத்தது என்று கூடவே எழுதி வையுங்கள். பெயர், ஊர், தேதி இல்லாத படத்தை நினைவேந்தல் பதாகையில் போடாதீர்கள்.

கேள்வி: எங்கள் சங்கம் போரால் இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்காக நிதி திரட்ட இருக்கிறது. துண்டறிக்கையில் ஒரு பிள்ளையின் படம் போடலாமா?
– தொண்டூழியர், தெம்பனிஸ்

பதில்: படத்துக்கு முன் அனுமதிச்சீட்டு. வெளிநாட்டு அறப்பணிக்குப் பொதுமக்களிடம் நிதி திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி தேவை. திரட்டியதில் 80 விழுக்காட்டைச் சிங்கப்பூருக்குள் செலவிட வேண்டும் என்ற விதியும் அதன் விலக்குகளும் உண்டு. அச்சுக்குக் கொடுக்கும் முன் அறநிறுவன இணைய வாசலில் படித்துவிடுங்கள்.

படம் பற்றி: அகதிப் பிள்ளைக்கு ஆபத்து நேரக்கூடிய சூழல் இருந்தால் பெயரை மாற்றி, முகத்தையும் மறைக்க வேண்டும் என்கின்றன யுனிசெஃபின் வழிகாட்டிக் குறிப்புகள். பிள்ளையின் ஒப்புதலும் பாதுகாவலரின் ஒப்புதலும் தேவை. உணவு வரிசையில் நிற்பவரிடம் கேட்டு வாங்கும் ஒப்புதல் ஒப்புதலே அன்று. மறுத்தால் சோறு கிடைக்காதோ என்ற பயம் அதற்குள் இருக்கிறது.

முகத்தை மறைப்பதில் நடக்கும் தவறுகள் பல. முகத்தை மட்டும் மங்கலாக்கிவிட்டு, சட்டையில் பள்ளிச் சின்னத்தையும் பின்னால் முகாமின் பெயர்ப்பலகையையும் அப்படியே விட்டுவிடுவார்கள். மங்கல் போதாமல், தெரிந்தவர் அடையாளம் கண்டுகொள்வார். எல்லாவற்றையும்விட மோசம், வோர்டில் படத்தின் ஓரத்தை வெட்டுவது: வெட்டிய பகுதி கோப்புக்குள்ளேயே இருக்கும், யாரும் திரும்ப எடுத்துவிடலாம். படத்தைத் தனிச் செயலியில் வெட்டி, புதிய கோப்பாகச் சேமித்து, அதைத் துண்டறிக்கையில் வையுங்கள். மறைப்புக்கு மங்கலைவிட முழு நிறக் கட்டம் பாதுகாப்பு.

எங்கள் கருத்தைக் கேட்டால், முகமே வேண்டாம். ஒரு பள்ளிப்பை, செருப்பு வரிசை, பிள்ளை வரைந்த ஓவியம் போதும். 1968ல், நைஜீரியாவிலிருந்து பிரிந்துபோகப் போரிட்ட பியாஃப்ரா தரப்பு, ஜெனீவாவிலிருந்த மார்க்பிரஸ் என்ற விளம்பர நிறுவனத்தைக் கொண்டு பட்டினிப் பிள்ளைகளின் நிலையை உலகப் பத்திரிகைகளுக்குக் கொண்டு சேர்த்தது. பட்டினி உண்மை, உதவியும் வந்தது. ஆனால் வயிறு ஊதிய, பெயரற்ற குழந்தையே ஆப்பிரிக்காவின் முகம் என்று பதிந்துபோயிற்று. நம் பிள்ளைகளை அப்படிப் பதிக்க வேண்டாம்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு வரைந்த அகதிக் குழந்தைப் படத்தை எப்படி அறிவது?
– மாணவி, புக்கிட் பாஞ்சாங்

பதில்: விரல்களை எண்ணுவது இனிப் பலிக்காது, கருவிகள் தேறிவிட்டன. பின்னணி எழுத்துகள், கூட்டத்தில் தூரத்து முகங்கள், காதும் முடியும் சேரும் இடம் ஆகியவற்றைப் பெரிதாக்கிப் பாருங்கள். அதைவிட உறுதியான சோதனை ஒன்று: உண்மை நிகழ்வை ஒருவர் மட்டும் ஒரே ஒரு படம் எடுப்பது அரிது. வேறு கோணம், முன்னும் பின்னுமான சட்டகம், படக்காரர் பெயர், இடம் எதுவும் கிடைக்காவிட்டால் பகிராதீர்கள்.

கேள்வி: 1990ல் தமிழ்நாட்டின் மண்டபம் அகதி முகாமில் நானும் தம்பியும் சாப்பாட்டு வரிசையில் நின்றபோது யாரோ எடுத்த படம், இப்போது ஓர் அரசியல் பக்கத்தில் 'இராணுவம் மீட்ட பிள்ளைகள்' என்று வந்திருக்கிறது. நான் என்ன செய்யலாம்?
– வாசகி, ஜூரோங் வெஸ்ட்

பதில்: உங்களுக்கு நடந்தது புதிதல்ல என்பது ஆறுதலாகாது, ஆனாலும் சொல்ல வேண்டும். 1972 ஜூன் 8 அன்று நாபாம் என்ற தீக்குண்டில் எரிந்து ஓடிவந்த வியட்நாம் சிறுமி கிம் ஃபுக்கின் படத்தை அமெரிக்க விமானம் செய்த வேலை என்று பலர் இன்றும் எழுதுகிறார்கள். குண்டு வீசியது தென் வியட்நாம் விமானப்படை. பின்னாளில் வியட்நாம் அரசு அவர் படிப்பைக் குலைத்து, வெளிநாட்டுச் செய்தியாளர்கள்முன் உட்காரவைத்தது. 1992ல் அவர் கனடாவில் தஞ்சம் கேட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

நீங்கள் முதலில் செய்ய வேண்டியது சான்றைச் சேமிப்பது. அந்தப் பக்கத்தின் முகவரி, தேதி, வாசகம் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தின் 'சேவ் பேஜ் நவ்' வசதியில் முகவரியைக் கொடுத்து ஒரு நகலைப் பதிவு செய்யுங்கள். சமூக ஊடகப் பக்கங்கள் அதில் சரியாகப் பதியாமல் போவது உண்டு. அதனால் ஸ்கிரீன்ஷாட் கட்டாயம். இதை முடிக்காமல் அவர்களுக்கு எழுதிவிடாதீர்கள். எழுதியதும் பதிவை நீக்கிவிட்டு, அப்படி ஒன்றும் போடவில்லை என்பார்கள்.

வீட்டில் அச்சுப்படம் இருந்தால் பின்பக்கத்தைப் பாருங்கள். அந்தக் காலத்துச் செய்திப்படங்களில் நிறுவன முத்திரை, தேதி, தட்டச்சு செய்த வாசகச் சீட்டு ஒட்டியிருக்கும். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்து வையுங்கள். பசை காய்ந்த சீட்டைப் பிரிக்காதீர்கள்.

படத்தின் காப்புரிமை பெரும்பாலும் எடுத்தவரிடமோ அவருடைய நிறுவனத்திடமோ இருக்கும், படத்தில் இருப்பவரிடம் இருக்காது. ஆகவே நிறுவனம் தெரிந்தால் அவர்களுக்கே எழுதுங்கள்: இது மண்டபம், 1990, இருப்பது நாங்கள் இருவர், வாசகம் தவறாகப் பயன்படுகிறது. செய்தி நிறுவனங்களுக்கு வாசகத் திருத்தம் வெளியிடும் வழக்கமும், படத்தைத் திரும்பப் பெறும் வழக்கமும் உண்டு. நிறுவனம் தெரியாவிட்டால், சமூக ஊடகத் தளத்தின் தனியுரிமைப் புகார் வழியாகச் செல்லுங்கள். 'பொய்ச்செய்தி' என்பதைவிட 'இதில் சிறுவயதில் இருப்பது நான்' என்ற புகாரை மறுப்பது அவர்களுக்குக் கடினம்.

தம்பியின் சம்மதத்தைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அவர் இப்போது வாழும் இடத்தில் பெயர் வெளியே வருவது அவருக்குச் சிக்கலானால், கடிதத்தில் உங்கள் பெயரை மட்டும் போட்டு அவரை 'உடன் நிற்கும் சிறுவன்' என்று குறிப்பிடுங்கள்.